வெள்ளியங்கிரி ஏறும் முன்: நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

மாசி மாதம் நெருங்கும்போது எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "இந்த ஆண்டு வெள்ளியங்கிரி ஏறலாமா?" கேட்பவர்களில் பலர், நோயிலிருந்து மீண்டால் மலையேறி வருவதாக வேண்டிக்கொண்டவர்கள். அந்த நோயின் காரணமாகவே அவர்களுக்கு மலையேற்றம் ஆபத்தாக முடியலாம். மலையேறும் பருவத்தில் வழியிலேயே மூச்சுத்திணறியும் நெஞ்சுவலி கண்டும் உயிரிழந்தோர் பற்றிய செய்திகளை நாம் படிக்கிறோம். இதய நோய், மூச்சுக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் அறிவுறுத்தி வருகிறது. முடிவெடுக்கும் முன் கருத வேண்டியவற்றைக் கீழே காணலாம்.

மலை உடலிடம் கேட்பது என்ன?

தொண்டாமுத்தூருக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் தொடங்கும் பாதை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். சமவெளியில் ஒன்றரை மணி நேர நடைதான். ஆனால் இங்கு 1,000 மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் எனக் கொண்டால், இது 300 மாடிகளுக்கும் அதிகம். முதல் மலையின் செங்குத்தான கற்படிகளே பலரைக் களைப்படையச் செய்துவிடும். ஏழாம் மலை மீண்டும் செங்குத்தானது.

"மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால்தான் ஆபத்து" என்று பலர் கருதுகின்றனர். உயரத்தால் மட்டும் வரும் மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றும். வெள்ளியங்கிரி அதைவிடத் தாழ்வானது. நல்ல நுரையீரல் உடையவர்களுக்கு இங்குள்ள இடர் வேறு: பழக்கமில்லாத கடும் உழைப்பு, இரவுத் தூக்கமின்மை, விரதத்தால் வெறும் வயிறு, வியர்வையில் நீரிழப்பு, உச்சியில் குளிர்ந்த காற்று. இவை ஒன்றுசேரும்போது, அதுவரை வெளித்தெரியாத இதய இரத்தக்குழாய் அடைப்புகூட வெளிப்படக்கூடும்.

ஏறக்கூடாதவர்கள்

- அண்மையில் மாரடைப்பு, ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சிகிச்சை பெற்று, இதய மருத்துவரின் அனுமதி இன்னும் கிடைக்காதவர்கள்
- நடந்தால் நெஞ்சில் அழுத்தமோ மூச்சிரைப்போ வருபவர்கள்; இதயச் செயலிழப்பு உள்ளவர்கள்
- இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு ஆகியவை கட்டுக்குள் வராதவர்கள்
- டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்
- பாதத்தில் புண் உள்ள சர்க்கரை நோயாளிகள்

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலுடன் எந்த மலைப்பாதையிலும் நடக்கலாகாது. கல் குத்தியதே அவர்களுக்குத் தெரியாது.

பிற நாட்பட்ட நோய் உள்ளவர்கள், குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். டிரெட்மில் பரிசோதனை தேவையா என அவர் முடிவு செய்வார். அதன் முடிவு இயல்பாக இருப்பது நல்ல செய்தி. ஆயினும் அது முழு உத்தரவாதம் ஆகாது.

ஆறு வாரப் பயிற்சி

முதல் இரு வாரங்கள் நாள்தோறும் 30 நிமிடம் வேகநடை. அடுத்த இரு வாரங்களில் மாடிப்படி ஏறுவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி இரு வாரங்களில் மருதமலைப் படிகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். அங்கேயே நெஞ்சு இறுகினாலோ, நின்று ஓய்வெடுத்தும் மூச்சு அடங்கத் தாமதமானாலோ, வெள்ளியங்கிரிப் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள்.

மருந்துகள்

எந்த மருந்தையும் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் மூன்று வகை மருந்துகளைப் பற்றி முன்கூட்டியே கேட்டறியுங்கள். இன்சுலினும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் நடையின்போது மட்டுமல்ல, அன்றிரவும் இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடும். விரதமும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரைகள் நீரிழப்பைக் கூட்டும். முழங்கால் வலிக்கென விழுங்கும் வலி மாத்திரைகள், உடலில் நீர் குறைந்த வேளையில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

குளுக்கோஸ், இன்ஹேலர், மருத்துவர் எழுதித் தந்திருந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ஆகியவற்றை மருந்துச்சீட்டின் நகலுடன் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். உடன்வருவோரின் மூட்டையில் இருந்தால் உரிய நேரத்தில் கைக்கு எட்டாது.

வழியில்

முழு வாக்கியம் ஒன்றை இடைநிறுத்தாமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். வெறும் நீரோடு உப்பு-சர்க்கரைக் கரைசலும் தேவை. அடிவாரத்தில் பிளாஸ்டிக் சோதனை இருப்பதால் எஃகுப் பாட்டில் நல்லது. மூங்கில் தடியை இறங்கும்போதும் கைவிடாதீர்கள். ஏறுகையில் இதயம் உழைக்கிறது. இறங்குகையில் முழங்காலும் தொடைத் தசையும் உழைக்கின்றன. களைத்த கால்கள் இடறுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

உடன்செல்லும் குடும்பத்தாருக்கு

ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வரும். மேலே ஒருவர் விழுந்தால், மனிதத் தோள்களே அவரைச் சுமந்து இறக்க வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம். ஆகவே எந்த அறிகுறி தோன்றினால் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று போதும். "வாயுப் பிடிப்புதான், இன்னும் ஒரு மலைதானே" என்ற சொல்லுக்கு இணங்காதீர்கள். உடனே உட்கார வைத்து, அருகிலுள்ள வனத்துறைப் பணியாளருக்குத் தெரிவியுங்கள். சர்க்கரை நோயாளியாக இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால், குளுக்கோஸ் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

ஏறும் நிலையில் இல்லாதவர்களுக்கு ஒரு சொல். பூண்டி அடிவாரத்திலேயே வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் உள்ளது. அங்கு வழிபட்டு வேண்டுதலை நிறைவு செய்வது குறையாகாது. நலம் பெற வேண்டும் என்பதுதான் அந்த வேண்டுதலின் நோக்கம். பெற்ற நலத்தைக் காப்பதும் அதைச் சேர்ந்ததே.