தானியங்கிப் பம்புசெட்டும் ஐந்து வரிக் கட்டளைச் சீட்டும்

சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் வெள்ளாற்று அணைக்கட்டு நீரும் வீராணம் ஏரி நீரும் எட்டாத காலங்களில் நெல்லுக்கும் கரும்புக்கும் கைகொடுப்பது ஆழ்குழாய்க் கிணறுதான். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் எழுந்து சென்று மோட்டாரை ஓட்ட வேண்டியிருந்த தொல்லையைக் கைபேசியால் இயங்கும் தானியங்கி ஸ்டார்ட்டர் பெரிதும் குறைத்துள்ளது. இக்கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் வழங்கி வந்துள்ளது.

ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. கருவி தானாகச் சிந்திப்பதில்லை. நாம் இட்ட கட்டளையையே செய்யும். 'எப்போது ஓட வேண்டும்' என்று மட்டும் சொல்லி, 'எப்போது நிற்க வேண்டும்' என்பதைச் சொல்லாமல் விட்டால் நீரும் வீணாகும், மோட்டார் காயிலும் கருகும். எனவே கருவியில் பதியுமுன் கட்டளைகளை ஒரு சீட்டில் எழுதிக் கொள்ளுங்கள்.

ஓடும் நேரத்தைக் கணக்கிடும் முறை

நெல் வயலில் ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் கட்ட ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் தேவை. உங்கள் பம்பு இறைக்கும் அளவை அறிய, 200 லிட்டர் டிரம்மைக் குழாயின் வாயில் வைத்து அது நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லிட்டர், மணிக்கு 36,000 லிட்டர் ஆகும். அப்படியானால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 5 1/2 மணி நேரம் போதும். வாய்க்காலிலும் மண்ணிலும் இறங்கும் நீரும் உண்டாகையால், முதல் முறை வயலில் அளவுகோல் நட்டுப் பார்த்து நேரத்தைத் திருத்திக் கொள்ளவும்.

மாதிரிக் கட்டளைச் சீட்டு

1. மூன்று முனைகளிலும் மின்சாரம் வந்தால், 4 நிமிடம் பொறுத்து ஓட்டுக.
2. ஒரு முனை போனாலும் உடனே நிறுத்துக.
3. ஆம்பியர் வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நிறுத்துக. 30 நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை மீண்டும் முயல்க.
4. மோட்டாரின் பெயர்த்தகட்டில் கண்ட ஆம்பியரை மீறினால் நிறுத்துக. தானாக மீண்டும் ஓட்டாதே.
5. மொத்தம் 5 1/2 மணி ஓடியதும் நிறுத்துக. மறு கட்டளை வரும்வரை ஓட்டாதே.

காரணங்கள்

ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள மோட்டார்கள் அனைத்தும் மின்சாரம் வந்த நொடியில் ஒருசேரக் கிளம்பினால் மின் அழுத்தம் தாழ்ந்துவிடும். ஆகவே அண்டை வயல்காரர்களுடன் பேசி, ஒருவர் 2 நிமிடம், அடுத்தவர் 4, மற்றவர் 6 என முதல் வரியை மாற்றி அமைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு முனை இல்லாமல் ஓடும் மோட்டாரில் மற்ற முனைகளில் மின்னோட்டம் மிகுந்து காயில் கருகும். கிணற்றில் நீர் குறைந்து பம்பு வெறுமனே ஓடும்போது ஆம்பியர் இறங்கும். மூன்றாம் வரி அதைக் கண்டு பம்பைக் காக்கிறது. இவ்வெண்கள் மாதிரியே. உங்கள் மோட்டாருக்குரிய அளவைக் கருவியின் கையேட்டைப் பார்த்து, மின் பணியாளரைக் கொண்டு பதியச் செய்க.

அவசியமான ஒரு சோதனை

இடையில் மின்சாரம் போய் வந்தால், சில கருவிகள் விட்ட இடத்திலிருந்து நேரத்தை எண்ணும். சில மீண்டும் முதலிலிருந்து எண்ணும். இரண்டாம் வகையாயின் 5 1/2 மணி 9 மணியாகவும் நீளக்கூடும். இதை அறிய, பகலில் 10 நிமிடம் என்று பதிந்து ஓட்டுங்கள். 5 நிமிடத்தில் மெயின் சுவிட்சை நிறுத்திப் பின் போடுங்கள். மோட்டார் மறுபடி கிளம்பி 5 நிமிடத்தில் நின்றால் நன்று. 10 நிமிடம் ஓடினால், மின்சாரம் போய் வந்த நாளில் நேரத்தைக் குறைத்துப் பதிதல் வேண்டும்.

வயலைப் பார்ப்பது உங்கள் வேலை

நேற்றுப் பெய்த மழையைக் கருவி அறியாது. எனவே 'நாள்தோறும் ஓட்டு' என்று பதிந்துவிட்டு மறந்துவிடாதீர்கள். 30 செ.மீ. நீளமுள்ள பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அப்பாதியை மண்ணில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். நட்ட இரண்டு வாரத்திற்குப் பின், குழாயினுள் நீர் மண் மட்டத்திற்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்திலும் அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் 5 செ.மீ. நீர் நிற்கட்டும்.

எச்சரிக்கை

தானியங்கி மோட்டார் எந்நேரமும் கிளம்பக்கூடியது. பெல்ட், பம்பு, ஒயர் எதையும் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்திப் பியூஸ் கட்டைகளையும் கழற்றிக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். 'கைபேசியில் நிறுத்திவிட்டேன்' என்பது காவலாகாது. வீட்டார் எண்களை மட்டும் கருவியில் பதிந்து, கடவு எண்ணை மாற்றுங்கள். சிம் கார்டின் தவணை முடியுமுன் பணம் கட்டுங்கள்.

எழுதிய சீட்டைப் பம்பு அறைக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் மனைவியோ மகனோ அதைப் படித்துக் கருவியைச் சரியாக இயக்கலாம். நீரும் மோட்டாரும் மட்டுமன்றி, உயிரும் காக்கப்படும்.