மூணாறும் மூன்று பலகைகளும்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் மாலை வகுப்பு நடந்தது. படிக்க வந்தவர்களில் ஒரு பாட்டியும் உண்டு. நாற்பது வருடம் கொழுந்து எடுத்த கை. பேனா பிடிக்க முதலில் சிரமப்பட்டார். மூன்று மாதத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு ஊர்ப் பெயரையும் எழுதினார். மூணாறு.

ஒரு நாள் பாட்டி கோபமாக வந்தார். கையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. பேரனின் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு எழுதியது.

"ஏன் தம்பி, எங்க ஊரு பேரு எனக்குத் தெரியாதா? நானே என் கையால எழுதினேன். ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஊர்ப் பேரு ஒத்து வரலையாம்."

காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். விண்ணப்பத்தில் 'மூணாறு' என்று தமிழில் இருந்தது. ரேஷன் கார்டில் மலையாளத்தில் 'மூன்னார்'. பேரன் சில வருடம் தேனிப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்தவன். அந்தப் பள்ளிச் சான்றிதழில் 'முன்னார்'. வில்லேஜ் ஆபீஸ் சான்றிலோ மூணாறே இல்லை. 'கண்ணன் தேவன் ஹில்ஸ்' என்று இருந்தது.

நான்கு காகிதம். நான்கு பெயர். ஊர் ஒன்றுதான்.

அன்று எடுக்க வேண்டிய பாடத்தை மூடி வைத்தோம். ஊர்ப் பெயரையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

மூன்று ஆறு

மூணாறு நகரத்தில் பாலத்தின் மேல் நின்று பார்த்திருக்கிறீர்களா? அங்கே மூன்று ஆறுகள் கூடுகின்றன. ஒன்று முதிரைப்புழை. ஒன்று நல்லதண்ணி. ஒன்று குண்டளை. மூன்றும் கூடி, முதிரைப்புழை என்ற பெயரிலேயே மலை இறங்கிப் பெரியாற்றில் சேர்கின்றன.

தமிழில் எழுதும்போது 'மூன்று' என்கிறோம். பேசும்போது 'மூணு' என்கிறோம். மூணும் ஆறும் சேர்ந்தால் மூணாறு. பெயர் வைத்தவர்கள் வாய்ப்பேச்சில்தான் வைத்தார்கள். அதனால்தான் அது 'மூன்றாறு' ஆகவில்லை.

மலையாளத்தில் மூன்றை 'மூன்னு' என்பார்கள். ஆற்றை அவர்களும் ஆறு என்பார்கள். ஊர்ப் பெயரின் கடைசியில் வரும்போது அந்த ஆறு 'ஆர்' என்று சுருங்கிவிடும். அதனால் அவர்களுக்கு ஊர் 'மூன்னார்'. இரண்டு மொழியிலும் பொருள் ஒன்றே. பெயர் எங்களுடையது, உங்களுடையது என்று சண்டை போட இங்கே இடமே இல்லை.

இந்தச் சுருக்கம் நம் வாயிலும் புகுந்துவிட்டது. பெரியாற்றின் கரையில் வண்டிப்பெரியாறு என்ற ஊர் இருக்கிறது. அதை நாமே வண்டிப்பெரியார் என்று எழுதுகிறோம். ஆறு போய் ஆள் வந்துவிட்டார்! வெளியூர்க்காரர் பலகையைப் படித்தால், ஈரோட்டுப் பெரியாரின் பெயர் என்றுகூட நினைப்பார்.

இனி ஆங்கிலத்தைப் பாருங்கள். மூணாற்றை ஆங்கிலத்தில் எழுத ஆறு எழுத்து. எம், யு, என், என், ஏ, ஆர். இதில் 'யு' குறிலா நெடிலா என்று தெரியாது. 'என்' என்பது ந-வா, ண-வா, ன-வா என்று தெரியாது. 'ஆர்' என்பது ர-வா, ற-வா என்றும் தெரியாது. நம் ஊரை அறிந்தவருக்கு இது குறை இல்லை. பார்த்ததும் மூணாறு என்று படித்துவிடுவார். அறியாதவர் எழுத்தை மட்டும் நம்பிப் படித்தால் 'முன்னார்' என்றுதான் வரும்.

"முன்னார்னா என்ன தம்பி? முன்னால நிக்கிறவரா?" என்று பாட்டி கேட்டார். வகுப்பே சிரித்தது. பாட்டியின் கோபமும் கொஞ்சம் தணிந்தது.

பட்டியும் பெட்டியும்

மூணாற்றுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டி இருக்கிறது. மாடுகளை அடைத்து வைக்கும் இடம் பட்டி. தேனிப் பக்கம் ஆண்டிப்பட்டி, மதுரைப் பக்கம் உசிலம்பட்டி என்று எத்தனையோ பட்டிகள் உண்டு. மாட்டுப்பட்டி என்றால் யாரும் பொருள் சொல்லிவிடலாம். இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து 1963-இல் ஒரு கால்நடைத் திட்டம் தொடங்கின. அதுவும் இந்த மாட்டுப்பட்டியில்தான். பெயருக்கு ஏற்ற வேலை!

ஆனால் ஆங்கிலப் பலகையில் அது 'மாட்டுப்பெட்டி' போல எழுதப்பட்டிருக்கும். மலையாளத்திலும் மாட்டுப்பெட்டி என்றே எழுதுகிறார்கள். மாட்டை எந்தப் பெட்டியில் அடைப்பது? பெட்டி என்றால் அவர்களுக்கும் பெட்டிதான். ஒன்று சொல்ல வேண்டும். மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய். அதனால் மாட்டுப்பட்டி என்று நாம் சொன்னால் மலையாள நண்பர்கள் சிரிப்பார்கள். பெட்டியே அவர்களுக்கு வசதியாக இருக்கும் போல!

எல்லாப் பெயரும் இப்படிக் குழப்புவதில்லை. தேவிகுளம் என்றால் இரு மொழியிலும் தேவியின் குளம். சீதாதேவி குளித்த குளம் என்று கதை சொல்வார்கள். பீர்மேட்டில் இரண்டு மொழி கலந்திருக்கிறது. 'பீர்' என்பது பாரசீகச் சொல். பெரியவர், குரு என்று பொருள். பீர் முகமது என்ற சூஃபிப் பெரியவர் அந்த மேட்டில் தங்கியதாகச் சொல்கிறார்கள். மாவட்டத்தின் பெயரான இடுக்கியோ நம் 'இடுக்கு'தான். குறவன் மலை, குறத்தி மலை என்று இரண்டு மலைகள். நடுவே குறுகிய இடுக்கு. அதற்குள் பெரியாறு ஓடியது. அந்த இடுக்கில்தான் வில் போல வளைந்த அணையைக் கட்டினார்கள். உயரம் சுமார் 169 மீட்டர். 1976-இல் அது பயனுக்கு வந்தது.

பாலக்காட்டின் கதை

வகுப்பில் இன்னொரு அக்கா இருந்தார். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். "எங்க ஊருக்கும் இதே கதைதானுங்க" என்றார். "எங்கப்பா காலத்துக் காயிதத்துல எல்லாம் பால்காட்டுன்னுதான் இருக்குதுங்க."

அவர் சொன்னது உண்மை. தமிழில் பாலக்காடு. மலையாளத்திலும் அதுவேதான். கடைசி 'டு' மட்டும் பாதியாக ஒலிக்கும். பாலை மரம் நிறைந்த காடு என்று ஒரு விளக்கம் உண்டு. இலையை ஒடித்தால் பால் வடியும் மரம் அது. ஏழிலைப்பாலை என்போம். அந்த மரத்தில் யட்சி குடியிருப்பாள் என்று மலையாளக் கதைகள் சொல்லும். அது வறண்ட பாலை நிலத்தைக் குறிக்கும் என்பவர்களும் உண்டு. எனக்கு மர விளக்கம்தான் பிடித்திருக்கிறது. காடு என்று பெயரிலேயே இருக்கிறதே.

வெள்ளைக்காரர்கள் 'பாலக்காடு' என்ற பெயரைக் கேட்டார்கள். 'பால்காட்' என்று எழுதினார்கள். 'காட்' என்றால் அவர்களுக்கு மலைத் தொடர், மலை வழி. மேற்குத் தொடர்ச்சி மலையையும் அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். பாலக்காட்டில் பெரிய கணவாய் இருக்கிறது. மலைத் தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகல இடைவெளி அது. கோயம்புத்தூர்ப் பேருந்தும் ரயிலும் அதன் வழியாகத்தான் போகின்றன. அதனால் மலை வழி என்ற பொருளும் பொருந்திப் போனது. ஆனால் காடு காணாமல் போய்விட்டது.

கேரள அரசு 1990-இல் ஆங்கிலத்திலும் பாலக்காடு என்றே எழுத வேண்டும் என்று மாற்றியது. பழையது முழுவதும் போகவில்லை. பாலக்காடு சந்திப்பின் ரயில் குறியீடு இன்றும் பி.ஜி.டி. அது பால்காட்டின் சுருக்கம். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரையும் ஆங்கிலத்தில் பால்காட் மணி ஐயர் என்றே எழுதுகிறார்கள்.

ஆங்கில எழுத்தைத் திருத்துவது எளிது இல்லை. தமிழ்நாட்டு அரசு 2020 ஜூன் மாதம் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வெளியிட்டது. தமிழில் ஒலிப்பது போலவே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்பது நோக்கம். எழுதிய விதம் பலருக்குப் பிடிக்கவில்லை. கோயம்புத்தூர் ஆங்கிலத்தில் நீண்டுகொண்டே போனது. சில நாட்களில் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

நம் எல்லைப் பகுதியில் ஏன் மூன்று எழுத்தும் தேவைப்படுகிறது? 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானது. அதற்கு முன் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மூணாறு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. இரண்டும் கேரளத்தில் சேர்ந்தன. தமிழ் பேசும் மக்கள் இரண்டு இடத்திலும் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். அலுவலகத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், கணினியில் ஆங்கிலம் என்று வாழ்க்கை ஓடுகிறது.

கண்ணன் தேவன் யார்?

பாட்டியின் நான்காவது காகிதம் பாக்கி இருந்தது.

"கண்ணன் தேவன்னா டீத்தூள் பேருல்ல?" என்றார் பாட்டி.

டீத்தூளுக்கு முன்பே அது மலைக்குப் பெயர். கண்ணன் தேவன் என்ற ஊர்த்தலைவரின் பெயரால் வந்தது என்று சொல்கிறார்கள். ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் 1877-இல் பூஞ்ஞார் அரசரிடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு தோட்டங்கள் வந்தன. கம்பெனி வந்தது. மலையின் பெயர் கம்பெனிக்கும், கம்பெனியின் பெயர் டீத்தூளுக்கும் போனது. 1971-இல் கேரள அரசு இங்குள்ள நிலங்களைப் பற்றி ஒரு சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலும் கண்ணன் தேவன் மலைதான் இருக்கிறது.

வருவாய்த் துறைக் கணக்கில் மூணாறு இருக்கும் கிராமத்தின் பெயரும் அதுவே. சுருக்கமாக கே.டி.எச். வில்லேஜ் என்பார்கள். ஆக, வில்லேஜ் ஆபீஸ் சான்றில் தப்பே இல்லை. கிராமம் கண்ணன் தேவன் ஹில்ஸ். பஞ்சாயத்து மூணாறு. தாலுகா தேவிகுளம். மாவட்டம் இடுக்கி. நான்கும் சேர்ந்தால்தான் முழு முகவரி.

பாட்டி விண்ணப்பத்தில் 'மூணாறு' என்று மட்டும் எழுதியிருந்தார். நம் ஊரில் கேட்டால் அது போதும். காகிதத்துக்குப் போதவில்லை.

முழு முகவரியைக் கரும்பலகையில் எழுதினோம். கீழே தபால் எண்ணை எழுதினோம். 685612. தபால் எண் நாட்டில் 1972-இல் வந்தது. தமிழ்க் காகிதத்திலும் மலையாளக் காகிதத்திலும் ஆங்கிலக் காகிதத்திலும் அந்த ஆறு எண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். பேரனின் பள்ளிச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தோம். வீட்டு முகவரியில் அதே எண் இருந்தது. ரேஷன் கார்டிலும் இருந்தது. பாட்டி விரலால் தொட்டுத் தொட்டு இரண்டையும் ஒத்துப் பார்த்தார்.

பிறகு புது விண்ணப்பம் எழுதினார். கிராமம், பஞ்சாயத்து, தாலுகா, மாவட்டம், தபால் எண். ஒவ்வொரு வரியாக எழுத அரை மணி நேரம் ஆனது. யாரையும் தொடவிடவில்லை.

மறுவாரம் வந்தார். "வாங்கிக்கிட்டாங்க தம்பி. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏத்திச்சு. நான் எட்டிப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். நம்பரு மட்டும்தான் எனக்குப் படிக்க முடிஞ்சுது."

நோட்டைத் திறந்து புதுப் பக்கம் எடுத்தார்.

"அந்த ஆறு எழுத்தையும் எழுதிக் காட்டு. முதல்ல என்னமோ சொன்னியே, எம்மா?"