சட்டம் வந்த வருஷமும் கிளாஸ் வந்த வருஷமும்



உரிமைகள் எப்படி வந்தன என்று சமூக அறிவியலில் படிக்கிறோம். அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கு வாய்மொழி வரலாறு என்று பெயர். எப்படிக் கேட்பது?

1. முதலில் பாடத்தைப் படித்துக்கொள்ள வேண்டும். 1924-ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெரு, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்றது. 1950-ல் அமலான அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் வந்த சட்டப்படி, டீக்கடையில் சாதி பார்த்து கிளாஸ் தர மறுப்பது குற்றம். 1976-ல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது.

2. "சட்டம் தெரியுமா?" என்று கேட்கக் கூடாது. பரீட்சை மாதிரி ஆகிவிடும். எந்தக் கிணத்துல தண்ணி எடுத்தீங்க, டீ எதுல குடிச்சீங்க என்று கேட்க வேண்டும். மயிலாப்பூர் மாடவீதியில் பூ விற்கும் ஓர் ஆயாவிடம் அப்படித்தான் கேட்டேன். அவர் கிராமத்தில் பிறந்தவர். "எங்களுக்குக் கொட்டாங்குச்சிதான் கண்ணு. கை படாம தூக்கி ஊத்துவாங்க. எங்க பசங்க சண்ட போட்டுத்தான் கிளாஸ் வந்திச்சி" என்றார்.

3. வருஷம் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த சம்பவத்தை வைத்துக் கேட்க வேண்டும். தனுஷ்கோடி புயல் 1964, அண்ணா மறைந்தது 1969, எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனது 1977. ஆயா, "அண்ணா செத்தாரே, அந்த வருஷம்" என்றார். 1969-லிருந்து 1955-ஐக் கழித்துப் பாருங்கள். 14 வருஷம்! என் வயசு. சட்டம் அந்த டீக்கடைக்கு வந்து சேர அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அதுவும் சண்டை போட்டுக் கேட்டதால் வந்தது. இந்தக் கணக்கு பாடப் புத்தகத்தில் கிடைக்காது.

4. ஒருவர் சொன்னதை அதே ஊர்க்காரர் இன்னொருவரிடமும் கேட்க வேண்டும். ஆயாவின் தங்கச்சியும் அதே வருஷத்தைத்தான் சொன்னார்.

5. பெயர் போடலாமா என்று கேட்க வேண்டும். "என் பேரும் வேணாம், ஊர் பேரும் வேணாம் கண்ணு. அண்ணன் தம்பிங்க இன்னும் அங்கதான் இருக்காங்க" என்றார் ஆயா. அதனால் இங்கே போடவில்லை. நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பெயர் சொல்ல ஒருவர் தயங்குகிறார் என்றால், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவும் வரலாறுதான்.

லீவில் ஆளுக்கு ஒரு பெரியவரிடம் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த இதழில் சேர்த்து ஒட்டுவோம்.

- 9-ஆம் வகுப்பு மாணவி