கப்பலேறிய கொள்ளுப்பாட்டியின் பிறந்த ஊரைத் தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன பெண்ணின் கொள்ளுப்பேத்தி ஒருவர் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும்போது, பெரும்பாலும் அவர் கையில் இருப்பது ஒரு பெயரும் ‘தென்னார்க்காடு’ என்ற சொல்லும்தான். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக விசாரிப்பது வீண் அலைச்சல். தேடலை டர்பனில் தொடங்கி இங்கே முடிக்க வேண்டும். போனவர் பெண் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பெண்ணுக்குப் பிறந்த ஊர் ஒன்று, புகுந்த ஊர் ஒன்று. பதிவேட்டில் ஏறியது எது என்ற கேள்வி கடைசிவரை கூடவே வரும்.

1860 அக்டோபரில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். நடுவில் 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது. ஆகவே ‘1870-இல் போனார்’ என்று குடும்பத்தில் சொன்னால், அந்த ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம்.

முதல் வேலை, அவருடைய குடியேற்ற எண்ணைக் கண்டுபிடிப்பது. கரையிறங்கிய ஒவ்வொருவருக்கும் நேட்டால் அரசு ஒரு எண் கொடுத்தது. பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறும், எண் மாறாது. பழைய திருமணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்த சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, இறப்பு அறிவிப்பு என எதிலாவது அது இருக்கும். வீட்டில் எதுவும் இல்லாவிட்டால், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மீது 1895-இல் போட்ட மூன்று பவுன் வரி தொடர்பான கோப்புகளைப் பாருங்கள். 13 வயது தாண்டிய பெண்களும் அந்த வரியைக் கட்ட வேண்டியிருந்தது. கட்ட முடியாமல் வழக்கில் சிக்கியவர்களின் பெயரும் எண்ணும் கோப்புகளில் தங்கிவிட்டன. அவர்கள் பட்ட கொடுமை இன்று நமக்குத் தடயமாகிறது என்பதை மறந்துவிட்டு அந்தத் தாள்களைப் புரட்ட முடியாது. டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க் அரசு ஆவணக் காப்பகங்களிலும், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலில் அவருடைய வரி கிடைக்கும். அந்த ஒரு வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: பெயர் செல்லம்மா, தகப்பன் பெயர் குப்பன், வயது 22, பெண், சாதி, ஜில்லா தென்னார்க்காடு, தாலுகா கள்ளக்குறிச்சி, கிராமம், உயரம், இடது முழங்கையில் தழும்பு. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் சில சமயம் புருஷன் பெயர் ஏறியிருக்கும். வயது குத்துமதிப்பு. தழும்பைத்தான் நான் பெரிதாக மதிப்பேன், ஏனென்றால் அது எழுதியவர் கண்ணால் பார்த்தது. கிராமம் என்ற கட்டத்தில் இருப்பது அவர் பிறந்த ஊராகவும் இருக்கலாம், வாழ்க்கைப்பட்ட ஊராகவும் இருக்கலாம், ஆள் பிடிப்பவர் கண்ணில் பட்டபோது பிழைத்துக்கொண்டிருந்த ஊராகவும் இருக்கலாம்.

அந்த வரியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முன்னும் பின்னும் இருபது வரிகளையாவது எடுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து பதிந்தால் எண்கள் அடுத்தடுத்து வரும். தகப்பன் பெயரும் ஊரும் ஒத்துப்போகும் இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் அது அண்ணனாகவோ தங்கையாகவோ இருக்க வாய்ப்புண்டு. பக்கத்து வரியில் புருஷன் என்று ஒருவர் இருந்து, அவருக்கு வேறு ஜில்லா போட்டிருந்தால், அந்தக் கல்யாணம், கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் நடந்ததாக இருக்கலாம். பஞ்சத்தில் தனியாக வந்த பெண்கள் டிப்போவில் துணை தேடிக்கொண்டது உண்டு. அப்படியானால் பாட்டியின் ஊரைத் தாத்தாவின் ஊரில் தேடிப் பயனில்லை.

இப்படி ஆள்வாரியாக ஒரு பட்டியல் கிடைப்பதே பெரிய பேறு. 18-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் அல்ஸ்டரிலிருந்து அமெரிக்கா போன ஸ்காட்-ஐரிஷ் பெண்களைத் தேடுகிறவர்களுக்கு இது வாய்க்கவில்லை. அமெரிக்கா பயணிகள் பட்டியலை முறையாக வாங்கத் தொடங்கியதே 1820-இல்தான். டப்ளின் ஆவணக் காப்பகமோ 1922 உள்நாட்டுப் போரில் எரிந்து போனது. நம் பக்கமும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணியோடு போனவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. மொரீஷியஸ் போனவர்களுக்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகள் உண்டு.

அடுத்து, கிராமத்தை அடையாளம் காண்பது. இங்கே இன்றைய வரைபடம் ஆளைக் குழப்பும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம், 1993-க்கு முன் தென்னார்க்காடு. அன்றைய கள்ளக்குறிச்சி தாலுகாவுக்குள்தான் இன்றைய சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்து ஊர்கள் இருந்தன. திருக்கோவிலூர் அப்போதே தனித் தாலுகா. மேற்கே ஆத்தூர் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது; எல்லையோர ஊர் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரை ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் பலமுறை படியுங்கள். பிறகு உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். புதூர், பாளையம் என்று முடியும் ஊர்கள் தாலுகாவுக்குப் பல இருக்கும் என்பதால், முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் குறித்துவைத்து ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

கல்வராயன் மலை என்றால் கதையே வேறு. 1976 வரை மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சமவெளி ஊர்களில் இருப்பதுபோன்ற பழைய நிலப் பதிவேடுகளை வெள்ளிமலைப் பக்கத்தில் எதிர்பார்க்காதீர்கள். அங்கே வாய்மொழிதான் ஆதாரம்: எந்த வகையறா, எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்தக் கோயிலில் முறை. பட்டியலில் ‘மலையாளி’ என்று இருந்தால் உடனே கேரளம் என்று முடிவுகட்ட வேண்டாம். கல்வராயன் மலைப் பழங்குடியினருக்கும் அதுவே பெயர். அதேபோல, தென்னாப்பிரிக்கக் குடும்பத்தின் பெயர் ‘கவெண்டர்’ என்பதால் மலைக் கவுண்டர் என்றும், ‘படையாச்சி’ என்பதால் இந்த ஊர்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அந்தப் பட்டப் பெயர்கள் அங்கே போனபின் ஒட்டிக்கொண்டதும் உண்டு.

சமவெளி ஊர் என்றால் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்த ஊரின் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேளுங்கள். அதில் வருவது பட்டாதாரர் பெயர். கூலிக்குப் போன பெண்ணின் குடும்பத்துக்கு நிலமே இருந்திருக்காது என்பதை நினைவில் வையுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேட வேண்டாம், ஆள்வாரித் தாள்கள் கிடைக்காது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் எறையூர் போன்ற பழைய கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடு உதவலாம்.

ஊருக்குள் போகும்போது முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட வேண்டியது: “சொத்து, பாகம் எதுக்கும் வரலீங்க. பாட்டி பொறந்த ஊரப் பாக்கணும்னுதான்.” இதைச் சொல்லாவிட்டால் தெரிந்தவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் தாத்தா பெயரைக் கேட்டால் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள், அதில் தவறும் இல்லை. ஊர்த் தெருவோடு நிறுத்தாமல் காலனிக்கும் போங்கள். ஒன்றில் கேட்டதை மற்றதில் சொல்லாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரைவிட, 1980-க்கு முன் கணக்குப்பிள்ளையாக இருந்தவர்களின் குடும்பத்தினருக்குப் பழைய வகையறாக்கள் அதிகம் தெரிந்திருக்கலாம். பெயரை நீங்களே எடுத்துக் கொடுக்காமல், “இங்கேர்ந்து யாராவது கப்பலுக்குப் போனாங்களாம்மா?” என்று வயதான பெண்களிடம் கேளுங்கள். பெயரை முதலில் சொன்னால், விருந்தாளியை ஏமாற்றக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவார்கள்.

குலதெய்வத்தை வைத்தும் தேடலாம். ஆனால் குடும்பம் இன்று கும்பிடுவது ஆண் வழித் தெய்வம். பாட்டி பிறந்த வீட்டுத் தெய்வம் வேறாக இருந்திருக்கும். திரௌபதி அம்மன் தீமிதி நடத்துகிறார்கள் என்பது தென்னார்க்காட்டைச் சுட்டும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

டிஎன்ஏ பரிசோதனையை நம்பி வருகிறவர்கள் பலர். அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கொண்டு கொடுத்த குடும்பங்களில், தூரத்து உறவும் பரிசோதனையில் நெருங்கிய உறவாகத் தோன்றும். தாய்வழி மைட்டோகாண்ட்ரியப் பரிசோதனை, பாட்டியிலிருந்து மகள், மகள் என்று பெண் வழியாகவே வந்தவர் செய்தால் மட்டும் பாட்டியின் தாய் வழியைக் காட்டும், ஊரைக் காட்டாது. கப்பல் பட்டியலும் வாய்மொழியும் ஒரே வீட்டைச் சுட்டிய பிறகு, அந்த வீட்டார் மனமுவந்து சம்மதித்தால் மட்டும் செய்து பாருங்கள்.

கிடைத்ததைக் குறிக்கும்போது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ‘ஆவணம்’, ‘வாய்மொழி’, ‘ஊகம்’ என்று எழுதுங்கள். பிறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். ஒன்று தெரியவில்லை என்றால் அதை வெறுமையாகவே விடுங்கள். பேரப்பிள்ளைகளின் மனநிறைவுக்காக எந்த ஊரையும் அதில் உட்கார வைக்காதீர்கள். கப்பல் பட்டியலின் ஒரு நகலை, விசாரித்த ஊரில் உதவிய வீட்டிலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.