பல்கலைக்கழகம் போன பிள்ளையும் வீட்டாரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் ஸ்பானிய மொழி வழிவந்த மக்கள் 'ஹிஸ்பானியர்' எனப்படுவர். இவர்களுட் பெருந்தொகையினர் மெக்சிக்கோ வழியினர். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் பழமும் மரக்கறியும் பறிக்கும் கூலியாட்களிற் பலர் இவர்களே. அறுவடை தேடி இடம் மாறும் குடும்பங்களும் உண்டு. ஆண்டின் நடுவே பாடசாலை மாறுவதன் துன்பத்தை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளை, பெரும்பாலும் அக்குடும்பத்தில் முதலாவதாகச் செல்லும் பிள்ளை. அங்கே அதன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பவர் இருப்பர். விடுமுறையில் வீடு வந்தாலோ, "நீ மாறிவிட்டாய்" என்பர். இரு பக்கமும் அந்நியமாகும் இந்நிலை தரும் மன அழுத்தத்தை ஆய்வாளர் தனியே ஆராய்ந்துள்ளனர். மெக்சிக்கோ வழிவந்த 148 மாணவர் பற்றிய ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. இவ்வழுத்தம் கூடியோரிடம் பதகளிப்பும் மனச்சோர்வும் கூடியிருந்தன. ஆனால் பெற்றோரின் ஆதரவு பெற்றோரிடமும், பிரச்சினையை நேரே எதிர்கொண்டோரிடமும் அதன் தாக்கம் தணிந்திருந்தது. நண்பரின் ஆதரவு பதகளிப்பைக் குறைக்க உதவியது. சிறிய ஆய்வுதான், ஆயினும் பல்கலைக்கழகத்தையே காணாத பெற்றோருக்கும் இதில் ஓர் இடம் இருப்பது தெரிகிறது.

அதே குடும்பப் பாசம் சுமையாவதும் உண்டு. பெற்றோருக்காகக் கடிதங்களை மொழிபெயர்ப்பதும், பகுதிநேர வேலைசெய்து வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் பல பிள்ளைகளின் கடமையாகிவிடுகின்றன. வீட்டாரை வருத்தக்கூடாதென்று தன் கஷ்டத்தைப் பிள்ளை மறைக்கும். பிள்ளை படிக்கட்டும் என்று பெற்றோரும் தம் கஷ்டத்தை மறைப்பர். இப்படி இரு பக்கமும் மறைத்தால் ஆதரவு எங்கிருந்து வரும்?

இடம்பெயர்ந்தும் பருவகாலத்திலும் வேலைசெய்யும் பண்ணைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென 1972இல் அங்கு அரச உதவித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. பணத்தோடு பாட உதவி, ஆலோசனை, வழிகாட்டல் என்பவற்றையும் முதலாம் ஆண்டிலேயே வழங்குவது அதன் முறை. பணம் மட்டும் போதாது என்று கண்டதே அதன் சிறப்பு என்பேன்.

நம்மிடையேயும் இடம்பெயர்ந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் பேராதனை, வந்தாறுமூலை, யாழ்ப்பாணம் எனப் போயிருக்கின்றனர். மகாபொலப் பணத்தில் மிச்சம்பிடித்து வீட்டுக்கு அனுப்பும் பிள்ளையும் உண்டு. தொலைபேசியில் பேசும்போது பரீட்சையை முதலிற் கேளாதீர்கள். சாப்பாடு, நித்திரை, சிநேகிதர் பற்றிக் கேளுங்கள். வீட்டு நிலைமையையும் உள்ளபடி சொல்லுங்கள். நித்திரையின்மை, தலையிடி, யாரோடும் பேசப் பிடியாமை என்பன வாரக்கணக்கில் நீடித்தால், அங்குள்ள மாணவர் ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள். தனியே போகத் தயங்கினால், அதே பல்கலைக்கழகத்திற் படிக்கும் நமது பங்கின் மூத்த மாணவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம்.