புதிய பச்சைவீட்டின் கட்டுவேலையைப் பரிசோதிக்கும் முறை

பொலித்தீன் கூரையும் பூச்சிவலைச் சுவர்களும் கொண்ட பச்சைவீடுகளில் தக்காளி, குடைமிளகாய், சலாது வெள்ளரி முதலியன மலைநாட்டில் மட்டுமன்றித் தாழ்நாட்டிலும் செய்கைபண்ணப்பட்டு வருகின்றன. கடன் பெற்றோ, பல போகத்து நெல் விற்ற பணத்தைச் சேர்த்தோ கமக்காரர் இதனைக் கட்டுவிக்கின்றனர். கட்டுவேலை பிழையாக அமையின், அப்பணம் முழுவதும் ஒரு நாட் காற்றில் அழிந்துபோதல் கூடும்.

பச்சைவீட்டின் குறைகளிற் பல, அடுத்த வேலை தொடங்கியவுடன் மறைந்துவிடுவன. குழியின் ஆழம் கொங்கிறீற்று இட்டபின் தெரியாது. குழாயின் கூர்முனை பொலித்தீன் விரித்தபின் தெரியாது. ஆதலின் வேலை முடிந்தபின் ஒருமுறை சுற்றிப் பார்த்தல் போதாது. ஒவ்வொரு கட்டத்தையும், அது மூடப்படுமுன் பரிசோதித்தல் வேண்டும்.

வேலை தொடங்குமுன்

வீட்டின் நீளம், அகலம், உயரம், குழாயின் பருமன், பொலித்தீனின் தடிப்பு, வலையின் கண்ணளவு ஆகியவற்றை எழுத்தில் எழுதிக் கொந்தராத்துக்காரரும் நீங்களும் ஒப்பமிடுக. பணத்தை நான்கு பங்காக்கி, அத்திவாரம், சட்டகம், கூரையும் வலையும் என்னும் மூன்று வேலைகளும் சரியெனக் கண்டபின் ஒவ்வொரு பங்காகக் கொடுக்கவும். நான்காம் பங்கை முதற் பெருமழைக்குப் பின்னரே கொடுப்பதென எழுதிக்கொள்வது நன்று.

அத்திவாரம்

பச்சைவீடு பாரமற்றது. காற்று அதனை மேலே தூக்கவே முயலும். ஆகவே இங்கு அத்திவாரத்தின் முதல் வேலை வீட்டைத் தாங்குவதன்று. அதனை நிலத்தோடு பிடித்து வைத்திருப்பதாகும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி போன்றவை அடிக்கடி வருவதில்லை. எனினும், ஆண்டுதோறும் வீசும் பருவக் காற்றே ஆழமற்ற தூண்களைப் பிடுங்கப் போதுமானது.

தூண்குழி ஒவ்வொன்றும் 2 அடிக்குக் குறையாத ஆழமுடையதா என அளந்து பார்க்க. மணற்றரையாயின் இன்னும் ஆழம் வேண்டும். மூலைகள் சரியாக உள்ளனவா என அறிய, ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 9 அடியும் மறுபக்கம் 12 அடியும் அளந்து முளை அடிக்க. இரு முளைகளுக்கும் இடைத்தூரம் 15 அடியாயின் மூலை சரி. பின்னர் எதிர்மூலைகளுக்கிடையே குறுக்காகக் கயிறு பிடித்துப் பார்க்க; இரண்டு அளவுகளும் ஒத்திருத்தல் வேண்டும்.

கொங்கிறீற்றுக்குச் சீமெந்து 1 பங்கு, மணல் 2 பங்கு, சல்லிக்கல் 4 பங்கு சேர்ப்பது வழக்கம். கடல்மணலை அனுமதிக்கலாகாது, அதன் உப்பு இரும்பை அரிக்கும். இலகுவாகக் கலக்கும் பொருட்டு வேலையாட்கள் நீரை மிகுதியாக ஊற்றுவதுண்டு. அதனால் வலிமை குறையும். இட்டபின் குறைந்தது 7 நாட்கள் ஈரச் சாக்கினால் மூடி நனைத்துவருதல் வேண்டும்.

சட்டகம்

தூண்கள் நிமிர்ந்துள்ளனவா எனத் தூக்குநூலாலும், அவற்றின் தலைகள் ஒரே மட்டத்தில் உள்ளனவா என நீர் நிரப்பிய தெளிந்த குழாயாலும் அறியலாம். மூலைகளில் சாய்வாக வைத்த தாங்குகம்பிகள் இன்றேல், காற்றில் சட்டகம் முழுவதும் ஒருபுறம் சாயும். வெல்டிங் செய்த இடங்களில் நாகப்பூச்சு எரிந்துவிடுமாதலால், துருப்பிடிக்காத வர்ணம் அவ்விடங்களிற் பூசப்பட்டுள்ளதா என நோக்குக.

அடுத்து, கைப்பிடியளவு பஞ்சை எடுத்துக் கூரைக்குழாய்களின் மேற்புறம் முழுவதும் தேய்த்துச் செல்க. பஞ்சு சிக்கும் இடமெல்லாம் பொலித்தீன் கிழியும் இடமாகும். அவற்றை அராவி மழமழப்பாக்கிய பின்னரே கூரை போடவிடுக.

கூரை

சாதாரண பொலித்தீன் சில மாத வெயிலில் நொறுங்கிவிடும். புறஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்யப்பட்டதையே வாங்குதல் வேண்டும். வழக்கமான தடிப்பு 200 மைக்கிரோன் ஆகும். சுருளை உங்கள் முன்னிலையில் அவிழ்க்கச் செய்து, அதன் சீட்டை வாங்கி வைத்துக்கொள்க. சூடேறிய இரும்பில் தொடும் இடத்தில் பொலித்தீன் விரைவிற் பழுதாகுமாதலால், குழாயின் மேற்புறத்திற்கு வெள்ளை வர்ணம் பூசுவித்தல் நன்று.

காற்றில்லாத, வெயில் ஓரளவு ஏறிய வேளையில் பொலித்தீனை இழுத்துக் கட்டினால், குளிரும்போது அது மேலும் இறுகும். தொய்ந்த கூரை காற்றில் அடித்துக் கிழியும். மழைநீரும் அதிலே தேங்கும். 20 அடி அகலமும் 50 அடி நீளமுமான கூரையில் ஓர் அங்குல மழை பெய்யின், ஏறத்தாழ 2,300 லீற்றர் நீர் விழும். அந்நீரைக் கொண்டுசெல்லப் பீலியும், வீட்டைச் சுற்றி வாய்க்காலும் அமைந்துள்ளனவா எனப் பார்க்கவும்.

வலையும் கதவும்

வெண்ஈ தக்காளிக்கு இலைச்சுருள் நோயைக் கொண்டுவருவது. அதனைத் தடுக்க, ஓர் அங்குல நீளத்தில் 40 முதல் 50 வரையான கண்களுள்ள வலை தேவை. அளவுகோலை வைத்து எண்ணிப் பார்க்கலாம். வலையின் அடி அரை அடியளவு மண்ணிற் புதைந்திருத்தல் வேண்டும். கதவு இரட்டைக் கதவாக இருத்தல் வேண்டும். ஒன்றை மூடியபின்னரே மற்றையதைத் திறத்தல் வேண்டும்.

வயல்வரம்பில் ஒரு நண்டுவளை இருப்பின் வயலின் நீர் முழுவதும் வடிந்துவிடுவதைக் கமக்காரர் அறிவர். வலையின் ஓர் இடைவெளியும் அத்தகையதே. இருட்டியபின் ஒருவர் உள்ளே நின்று பொருத்துகளின் வழியே டோர்ச் வெளிச்சத்தைச் செலுத்த, மற்றவர் வெளியே நின்று பார்ப்பின், இடைவெளிகளில் ஒளி கீற்றாகப் பாயும். அவ்விடங்களைக் குறித்து அடைப்பிக்கவும்.

காற்றோட்டம்

தாழ்நாட்டில் வெப்பமே பெரும் பகை. உள்ளே வெப்பநிலை 32 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் நிற்பின், தக்காளியின் மகரந்தம் பழுதுபட்டுப் பூக்கள் உதிரும். சூடான காற்று மேலெழுவதாதலால், முகட்டிலே வலையிட்ட திறப்பு இருத்தல் இன்றியமையாதது. செலவைக் குறைக்கவென இதனை விட்டுவிடச் சிலர் கூறுவர், அதற்கு இணங்கற்க. நண்பகலில் வீட்டின் நடுவே சிறிது சாம்பிராணிப் புகை போட்டு, பொலித்தீனில் நெருப்புப் படாதபடி அருகில் நின்று பார்க்க. புகை முகட்டு வழியே வெளியேறின் காற்றோட்டம் நன்று. கூரையின்கீழே தங்கிநின்றால் திறப்புப் போதாது.

முதல் மழை

முதற் பெருமழை பெய்யும்போது உள்ளே சென்று ஒழுக்கு, நீர்த்தேக்கம், தொய்வு ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. மறுநாள் தூண்களின் அடியிலே மண் இளகியுள்ளதா என ஆட்டிப் பார்க்கவும். எல்லாக் குறைகளும் திருத்தப்பட்ட பின்னரே கடைசிப் பங்கைக் கொடுப்பதும் நாற்று நடுவதும் முறை. பயிர் உள்ளே வந்தபின் கூரையைக் கழற்றித் திருத்துதல் எளிதன்று.

காலபோக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடைப்பட்ட காலம் இவ்வேலைக்கு ஏற்றது. ஐயம் எழுமாயின், கூரை போடுவதற்கு முன்னரே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டுக.