கோபுரமும் கொத்தளமும்

கேள்வி: ஜேர்மனியிலுள்ள உறவினர்கள் றொதன்பேர்க் நகரின் பழைய காவல் கோபுரங்களைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். இடிந்து கிடக்கும் மன்னார்க் கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகர், அடம்பன்

பதில்: உயரத்தைத் தேடிப் போனால் ஏமாற்றந்தான். றொதன்பேர்க் கோபுரங்கள் பெரும்பாலும் பீரங்கி வலுப்பெறுவதற்கு முந்திய காலத்தவை. தூரத்தில் வரும் பகைவனைக் காண உயரம் தேவைப்பட்டது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டியபோது உயரமான சுவர் பீரங்கிக் குண்டுக்கு எளிய இலக்காகிவிட்டிருந்தது. அதனால்தான் நமது கோட்டை தாழ்ந்து, தடித்து, நான்கு மூலையிலும் கொத்தளம் நீட்டி நிற்கிறது. ஒரு கொத்தளத்தில் ஏறி அடுத்ததைப் பாருங்கள்: இடைப்பட்ட மதிலை ஒட்டி எவன் வந்தாலும் பக்கவாட்டிலிருந்து சுடலாம். 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தரும் 1696இல் திருத்திக் கட்டியபோது இந்த நாற்கொத்தள அமைப்பையே வைத்துக்கொண்டார்கள்.

அந்நியன் கட்டியதை ஏன் பார்க்கவேண்டும் என்பீர்கள். திருக்கேதீச்சரக் கோயிலை இடித்து எடுத்த கற்கள் இந்த மதிலில் இருப்பதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பக்கத்து ஊராரான உங்களுக்கு அந்த வலி நியாயமானது. ஆனால் அந்தக் கல்லைத் தேடுவதற்காகவேனும் போகத்தான் வேண்டும். இடிபாடு என்பதும் காரணமாகாது. 1945இல் குண்டுவீச்சில் சிதைந்த றொதன்பேர்க் மதிலைப் பலநாட்டவர் பணம் கொடுத்து மீளக் கட்டினார்கள். கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் இன்றும் அந்த மதிலில் இருக்கின்றன. மன்னார்க் கோட்டைக்குள்ளோ தேவாலயம் கூரையிழந்து நிற்கிறது; அதற்கும் அக்கறை கொள்ள ஆட்கள் வேண்டும். உறவினர்கள் அடுத்தமுறை ஊருக்கு வரும்போது அவர்களையும் அங்கே கூட்டிப்போங்கள்.